முடக்குவாதம் மறுபடி தலைதூக்கினால்: ஒரு திருப்பூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் விரல், மணிக்கட்டு எல்லாம் வீங்கியது. முடக்குவாதம் என்றார்கள். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., கூடவே ஃபோலிக் ஆசிட் என்று சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தேன். அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். முடியும் கொட்டியது. வலிதான் இல்லையே என்று நான்கு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டேன். இப்போது பழையபடி வீக்கம் வந்துவிட்டது. காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மெடிக்கலில் கவரில் போட்டு மூன்று மாத்திரை தந்தார்கள். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது. ஐந்து வாரமாக அதைத்தான் சாப்பிடுகிறேன். ஒரு வேளை விட்டாலும் வலி திரும்புகிறது. எனக்குச் சுகர் இருக்கிறது, அதற்கும் மாத்திரை எடுக்கிறேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. மெடிக்கல் மாத்திரையையே தொடரலாமா? பழைய மாத்திரையை நானே ஆரம்பிக்கலாமா? தை மாதம் மகளுக்குக் கல்யாணம், மூன்று மாதம்தான் இருக்கிறது. அதற்குள் கை சரியாகுமா? கத்தரிக்காய், உருளைக்கிழங்கு சாப்பிடக் கூடாதாமே?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவர் மாத்திரையை நாளையிலிருந்து திடீரென்று நிறுத்தாதீர்கள். அதே சமயம், அதை நம்பி இன்னொரு மாதத்தைத் தள்ளவும் வேண்டாம். மீதியிருக்கும் மாத்திரைகளைக் கவரோடு எடுத்துக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன் உங்களைப் பார்த்த மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். அவர் இல்லையென்றால் ஒரு மூட்டுவாத நிபுணரையோ பொது மருத்துவரையோ பாருங்கள்.

திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாத்திரையைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே நாளில் முடக்குவாத வலியைப் பறக்க வைப்பதும், விட்டவுடன் திரும்பக் கொண்டுவருவதும் பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. கவரில் வருகிற மூன்றில் ஒன்று வலி மாத்திரையாகவும், ஒன்று வயிற்றெரிச்சலுக்கானதாகவும், மூன்றாவதாக இருக்கும் சின்ன மாத்திரை டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாகவும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். பார்க்கத்தான் சின்னது. டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி., பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் 5 மி.கி.க்குச் சமம். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வருவதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்புக்கு இரண்டும் இல்லாமல் போகும். கடுமையான அசதி, வாந்தி, தலைசுற்றல் வரும், பிரஷர் இறங்கி மயக்கம்கூட வரலாம். நீங்கள் ஐந்து வாரம் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே இதைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்தால்தான் இறக்க முடியும். மெடிக்கலுக்குப் போய் மூன்று மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இந்த ஐந்து வாரத்தில் சுகர் பார்த்தீர்களா? ஸ்டீராய்டு சாப்பிடும்போது பல சமயம் காலை வெறும் வயிற்றுச் சுகர் சரியாகவே காட்டும், மதியத்துக்கு மேல்தான் அதிகம் ஏறும். வெறும் வயிற்றில் பார்த்துவிட்டு நார்மல் என்று இருந்துவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். அந்த அளவையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு சொன்னதால் ஸ்டீராய்டே விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். உங்களுக்கு நடந்த அதே அதிசயம்தான் அது. 1950இல் ஹென்ச்சுக்கும் இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த இரண்டு வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஊசியை நிறுத்தினால் நோய் திரும்புகிறது, தொடர்ந்து போட்டால் முகம் உப்புகிறது, சுகர் ஏறுகிறது, எலும்பு மெலிகிறது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்தப் பாடத்தை வைத்துத்தான் இன்று நாங்கள் ஸ்டீராய்டைக் கொடுக்கிறோம். குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு, எப்போது முடிக்கப் போகிறோம் என்று தொடங்கும்போதே தீர்மானித்துக்கொண்டு கொடுக்கிறோம். உங்கள் கவரில் இல்லாமல் போனது அந்த முடிவுத் தேதிதான்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். திரும்பி வந்திருப்பது முடக்குவாதம்தானா, வேறு ஏதாவதா என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கையை இறுக்கி மூடிக்கொண்டு புறங்கையைப் பாருங்கள். விரல்கள் கையோடு சேரும் இடத்தில் முட்டிகளும், அவற்றுக்கு நடுவே பள்ளங்களும் தெரிய வேண்டும். முடக்குவாதம் கிளம்பியிருந்தால் அந்தப் பள்ளங்கள் நிரம்பி, புறங்கை மேடுபள்ளம் இல்லாமல் கொழுகொழுவென்று இருக்கும். அந்த வரிசையைப் பக்கவாட்டில் யாராவது சேர்த்து அழுத்தினால் உயிர் போகும். யாரேனும் கைகுலுக்கினால் வலிப்பதும் இதனால்தான். அப்புறம் காலை விறைப்பு. எழுந்ததிலிருந்து விரல்கள் இலகுவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உள்ளே அழற்சி இருக்கிறது என்று பொருள். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்ததால் வருகிற வலி சாயங்காலம்தான் கூடும், ராத்திரி ஓய்வெடுத்தால் குறையும். இது நேர்மாறாக ஓய்வில் இறுகி, வேலை செய்யச் செய்ய இளகும்.

சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கும் மாதக்கணக்கில் இதே மாதிரி மூட்டு வீங்குவது உண்டு. சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் சொல்லுங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கதையே வேறு. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். அப்போது காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியதால் நோய் திரும்பியதுதான் என்று நினைக்கிறேன். அந்த மருந்தின் பிடி நிறுத்திய மறுநாளே விட்டுப்போகாது. சில வாரங்கள், சில சமயம் ஓரிரு மாதங்கள் வரை நன்றாகவே இருக்கும். அதனால்தான் பலர் "நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே, நோய் குணமாகிவிட்டது" என்று நம்பிவிடுகிறார்கள். வலி இல்லாமல் இருந்ததே அந்த மாத்திரையின் வேலைதான் என்பது அப்புறம்தான் தெரியவரும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பொய்யில்லை. மெத்தோட்ரெக்சேட்டைப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே பல சமயம் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் மில்லிகிராம் போகும். உங்களுக்குக் கொடுத்தது வாரத்துக்கு 15. இந்தச் சின்ன அளவில் அது புற்றுநோய் மருந்தாக வேலை செய்வதில்லை, தன் உடம்பின் மூட்டையே தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கிறது. இந்த மருந்து பிறந்த கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாபிரகடா சுப்பாராவ் அமெரிக்கா போய், லெடர்லே ஆய்வகத்தில் தலைமையேற்ற குழுதான் 1940களில் ஃபோலிக் ஆசிட்டையும், அதன் வேலையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் தயாரித்தது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988இல். இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் எழுதுவது இதைத்தான். விலையும் குறைவு. நான் அதிகம் நம்புகிற மருந்தும் இதுவே.

முடி கொட்டுவது இதனால் வரலாம். பெரும்பாலும் லேசாக அடர்த்தி குறையும், வழுக்கை ஆகாது, அளவை மாற்றினால் திரும்ப வளரும். ஃபோலிக் ஆசிட்டின் அளவைக் கூட்டினாலே சிலருக்குக் குறைந்துவிடும். ஆனால் நோய் கிளம்பியிருந்தாலும் முடி கொட்டும், இரும்புச்சத்து குறைந்தாலும் தைராய்டு இருந்தாலும் கொட்டும். எல்லாப் பழியையும் ஒரு மாத்திரைமேல் போடுவதற்கு முன் அந்த ரத்தப் பரிசோதனைகளையும் செய்யுங்கள்.

பழைய மாத்திரையை நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம். நான்கு மாதமாக ரத்தம் பார்க்கவில்லை, நடுவே வலி மாத்திரை வேறு தினமும் போயிருக்கிறது, சுகரும் இருக்கிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மெத்தோட்ரெக்சேட் உடம்பில் தங்கிவிடும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். கூடவே ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்த்தால் அழற்சி எவ்வளவு என்று தெரியும். ஆனால் ஸ்டீராய்டு உள்ளே இருப்பதால் அவை குறைத்துக் காட்டலாம் என்பதை உங்கள் மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். மூன்று மாதக் கணக்கைச் சொல்லும் சுகர் பரிசோதனையும் அப்போதே முடிந்துவிடட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், மருத்துவர் இரண்டு வேலைகளை ஒன்றாகத் தொடங்குவார். மெத்தோட்ரெக்சேட்டைத் திரும்ப ஆரம்பிப்பார். சிலர் 10 மி.கி.யில் தொடங்கி ஏற்றுவார்கள், சிலர் பழைய 15க்கே போவார்கள், தேவைப்பட்டால் 20, 25 வரை போகலாம். அது வேலை காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை வீக்கத்தை அப்படியே விட்டால் மூட்டு அரிக்கும். அதனால் கவர் மாத்திரைக்குப் பதில், அளவு தெரிந்த பிரெட்னிசோலோனுக்கு உங்களை மாற்றுவார். பலருக்கும் 10 அல்லது 15 மி.கி. போதும். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளை. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மூன்று மாதத்துக்குள் நிறுத்திவிடப் பார்ப்போம். ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால் அடியில் பாத்திரமும் வைக்கத்தான் வேண்டும், மேலே ஏறி உடைந்த ஓடுகளையும் மாற்ற வேண்டும். ஸ்டீராய்டு பாத்திரம், மெத்தோட்ரெக்சேட் ஓடு.

ஸ்டீராய்டை இறக்கும்போது லேசாக வலி எட்டிப் பார்க்கும். அந்த நாட்களில்தான் பலர் பழைய மெடிக்கலுக்குத் திரும்பிப் போகிறார்கள். போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காமல் வீக்கமே திரும்பினால் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், இறக்கும் வேகத்தை மாற்றிக் கொடுப்பார். மற்றதெல்லாம் அடங்கி ஒரு மணிக்கட்டு மட்டும் அடம்பிடித்தால், அந்த மூட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம். உடம்பு முழுக்க மாத்திரையைக் கூட்டுவதைவிட எனக்கு அதுதான் சரியென்று படும். ஆனால் அதற்குப் பிறகும் சில நாட்கள் சுகர் ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரை வலியைக் குறைக்கும், மூட்டைக் காப்பாற்றாது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே வகைதான். இரண்டைச் சேர்த்து எடுப்பதில் கூடுதல் பலன் இல்லை, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும்தான் கூடும். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து இன்னும் அதிகம். மலம் தார்போலக் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும், நாளொன்றுக்கு 3 கிராமைத் தாண்டாமல்.

மெத்தோட்ரெக்சேட்டை எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மருந்தால் உயிர் போன சம்பவங்களில் பல, வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தினமும் எடுத்ததால் நேர்ந்தவை. சீட்டில் "ராத்திரி ஒன்று" என்று இருக்கும், மருந்துக்கடைக் கவரிலும் அப்படியே எழுதுவார்கள், வீட்டில் தினமும் கொடுத்துவிடுவார்கள். சில பிராண்டுகளின் பெயர் ஃபோலிக் ஆசிட்போலவே ஒலிக்கும், இரண்டும் மாறிப்போகும். 2.5, 5, 7.5, 10, 15 மி.கி. என்று பல அளவுகளிலும் அட்டை வருகிறது. போன மாதம் 2.5 மி.கி. மாத்திரை ஆறு எடுத்தவர், இந்த மாதம் கடையில் 10 மி.கி. அட்டை கொடுத்தால் அதிலும் ஆறு எடுத்துவிடும் அபாயம் உண்டு. ஒரே அளவு அட்டையையே எப்போதும் வாங்குங்கள். சீட்டில் கிழமையைப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி வசதிப்படும். சம்பள நாள், மறக்காது. லேசாகக் குமட்டினாலும் தூங்கிவிடலாம், மறுநாள் லீவு. எடுத்தவுடன் தினசரி நாட்காட்டியில் அந்தத் தாளில் ஒரு டிக் போடுங்கள். சனிக்கிழமை மறந்தால் திங்கள் வரை எடுக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை வழக்கமான அளவு. இரண்டு வார அளவைச் சேர்த்து எடுக்கவே கூடாது.

குமட்டல் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்த வேண்டியதில்லை, தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றலாம். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. வலி இல்லாத மாதத்திலும் அது உண்டு. காய்ச்சலோடு தொற்று வந்து ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டி வந்தால், அந்த வார மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேளுங்கள். ஸ்டீராய்டை மட்டும் அப்போதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோ-ட்ரைமாக்சசோல் எழுதினால், "நான் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன்" என்று உடனே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை முடங்கக்கூடும்.

உங்களுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆனால் இதைப் படிக்கிற இளம்பெண்கள் கவனிக்க வேண்டும்: இந்த மருந்து கருவைக் கெடுக்கும். பிள்ளை பெற நினைத்தால் மூன்று மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி, கர்ப்ப காலத்துக்கு ஒத்துவரும் வேறு மருந்துக்கு மாற வேண்டும். மருந்தே இல்லாமல் இருந்துவிடுவது வழியல்ல.

கல்யாணத்துக்குள் கை சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வாரம் தொடங்கினால் பன்னிரண்டு வாரம் கையில் இருக்கிறது. முன்பு உங்களுக்கு நன்றாகக் கேட்ட மருந்து, மறுபடியும் கேட்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஆனால் கல்யாண நெருக்கத்தில் சமைப்பது, பாத்திரம் தூக்குவது, பத்திரிகை வைக்க அலைவது எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வீக்கம் இருக்கிற நாட்களில் மணிக்கட்டுக்குப் பட்டை போடுங்கள். அதற்காக முழுநாளும் அசைக்காமல் வைத்திருக்க வேண்டாம். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். கம்பெனியில் கொஞ்ச நாள் செக்கிங் மாதிரி கைக்கு இலகுவான வேலை கேட்டுப் பாருங்கள். மருத்துவர் சான்று கொடுப்பார்.

கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் முடக்குவாதத்தைக் கிளப்புவதற்கு ஆதாரம் இல்லை. உருளைக்கிழங்கைச் சுகருக்காகக் குறையுங்கள், கத்தரிக்காய்க் குழம்பைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். வீட்டில் யாராவது பெயர் இல்லாத பொடி, லேகியம் வாங்கி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படி விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பரிசோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

முழு அளவு மெத்தோட்ரெக்சேட்டை மூன்று மாதம் எடுத்தும் வீக்கம் அடங்கவில்லை என்றால் மனம் விட வேண்டாம். சல்ஃபாசலசீன், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெஃப்லுனமைடு என்று சேர்க்க மருந்துகள் இருக்கின்றன. ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குக் கண் பரிசோதனை தேவைப்படும். அதற்கும் மேலே டோஃபாசிட்டினிப் மாத்திரை, அடாலிமுமாப் ஊசி. அவற்றைத் தொடங்கும் முன் உறங்கிக் கிடக்கும் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், நம் நாட்டில் அது அவ்வளவு பரவலாக இருக்கிறது. செலவு கட்டுப்படியாகாது என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறது. ஒருமுறை அங்கே காட்டி மருந்தை முடிவு செய்துகொண்டால், அவ்வப்போது ரத்தம் பார்ப்பதைத் திருப்பூரிலேயே செய்யலாம்.

மருத்துவரிடம் போகும்போது, நான்கு மாதத்துக்கு முன் மருந்தை நீங்களே நிறுத்தியதையும், கவர் மாத்திரை சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து பலர் இதைச் சொல்வதில்லை. சொல்லாவிட்டால், மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யவில்லை என்று அவர் முடிவுகட்டி, தேவையில்லாமல் விலையுயர்ந்த மருந்துக்கு உங்களை மாற்றிவிடக்கூடும். கிளம்பும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்டீராய்டை எந்தத் தேதியில் எவ்வளவாகக் குறைக்க வேண்டும், அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு. மருந்தைத் தொடங்கிய பிறகு வாயில் புண், ஆறாத காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல், கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டை எடுக்காமல் அன்றே அவரைக் கூப்பிடுங்கள்.